அடித்தளம் ஆடாத கரகரப்பு

பேஸ் கிட்டாருக்கு ஃபஸ் பெடல் செய்வதில் கூச்சலைக் கூட்டுவது சுலபம். அந்தக் கூச்சலுக்கு அடியில் இருக்கும் ஸ்வரத்தைக் காப்பாற்றுவதில்தான் வடிவமைப்பாளரின் சாமர்த்தியம் தெரியும்.

திருவனந்தபுரத்தின் வட எல்லையில், தேசிய நெடுஞ்சாலை 66-ஐ ஒட்டி இருக்கிறது கழக்கூட்டம். 1990-ல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்தான் இந்த ஊரின் அடையாளம். நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. பல்லாயிரம் இளைஞர்கள் இங்கே பகலெல்லாம் மென்பொருள் எழுதுகிறார்கள். சற்றுத் தள்ளி ஸ்ரீகாரியத்தில், 1939-லிருந்து பொறியாளர்களை உருவாக்கிவரும் அரசுப் பொறியியல் கல்லூரி. மலையாளப் பாட்டை ராக் இசையோடு கலந்த ‘அவியல்’ குழு 2003-ல் உருவானதும் இதே நகரத்தில்தான். எலெக்ட்ரானிக்ஸும் கிட்டாரும் ஒரே வீட்டில் குடியிருக்க ஏற்ற இடம்.

இப்படிப்பட்ட ஊரில் மாலை நேரத்தில் ஸால்டரிங் அயர்னைக் கையில் எடுப்பவருக்கு நல்ல சவால் ஒன்று உண்டு: பேஸ் கிட்டாருக்கான ஃபஸ் பெடல். இதில் மென்பொருள் ஒரு வரிகூட வேண்டாம். இரண்டு முதல் நான்கு டிரான்சிஸ்டர்கள், கைநிறைய ரெசிஸ்டர்கள், கெப்பாசிட்டர்கள், 9 வோல்ட் பேட்டரி, காலால் மிதிக்க ஒரு ஸ்விட்ச், எல்லாவற்றையும் மூட ஓர் அலுமினியப் பெட்டி. அவ்வளவுதான் சாமான். ஆனால் கிட்டாருக்கு அருமையாக வேலை செய்யும் பெட்டியை அப்படியே பேஸுக்கு மாட்டினால், பெரும்பாலும் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஏன் என்பதில்தான் கதையே இருக்கிறது.

தலை சீவப்பட்ட அலை

கிட்டாரின் காந்தச் சுருளிலிருந்து வரும் மின்னலை சில நூறு மில்லிவோல்ட்தான் இருக்கும். அதை நூறு மடங்கு பெருக்கச் சொன்னால், டிரான்சிஸ்டர் பல பத்து வோல்ட்டுகளைத் தர வேண்டும். கையில் இருப்பதோ 9 வோல்ட் பேட்டரி. எனவே அலையின் மேடும் பள்ளமும் பேட்டரியின் எல்லையில் மோதி, கத்தியால் சீவியதுபோல் தட்டையாகிவிடுகின்றன. வழவழப்பான அலை சதுர அலையாகிறது. இதுதான் ஃபஸ். சில வடிவமைப்புகளில் இந்தச் சீவும் வேலையை டயோடுகள் செய்யும். சாதாரண சிலிக்கன் டயோடு சுமார் 0.6 வோல்ட்டிலும், ஜெர்மேனியம் டயோடு 0.3 வோல்ட் அளவிலும், சிவப்பு எல்.இ.டி. 1.7 வோல்ட் அளவிலும் வெட்டத் தொடங்கும்.

சீவிய அலையில் மூல ஸ்வரத்தோடு அதன் மடங்குகளும் ஒலிக்கும். மேலும் கீழும் ஒரே மாதிரி வெட்டினால் மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை மடங்குகள். ஒரு பக்கம் அதிகமாக வெட்டினால் இரட்டைப்படை மடங்குகளும் சேரும். நம் காதுக்கு இது அந்நியமல்ல. தம்புராவின் மேட்டில் தந்திக்கு அடியில் நூலைச் செருகி ‘ஜீவா’ பிடிப்பதும், மூல ஸ்வரத்தின் மேல் இந்த உப ஸ்வரங்களை எழுப்பத்தான். தம்புராவில் அது ரீங்காரம். ஃபஸ் பெடலில் அது கரகரப்பு.

பேஸ் கிட்டாரின் பாடு இங்கேதான் தொடங்குகிறது. அதன் தடித்த தந்தியான ‘ஈ’யின் அதிர்வு நொடிக்கு 41.2. கிட்டாரின் தடித்த தந்தி 82.4; சரியாக ஒரு ஸ்தாயி மேலே. டிரம்ஸின் மிதி முரசோடு கைகோத்து, பாட்டுக்குத் தரை போடுவது பேஸின் வேலை. இளையராஜாவின் பாடல்களில் சசிதரனின் பேஸையும், ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸின் பேஸையும் கவனித்துக் கேட்டவர்களுக்கு இது தெரியும். அந்தத் தரை இல்லாவிட்டால் பாட்டு அந்தரத்தில் தொங்கும்.

ஃபஸ் இந்தத் தரையை இரண்டு வழிகளில் உடைக்கிறது. சீவிய அலையின் உயரத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதில் ஒரு பங்கை மேல் மடங்குகள் எடுத்துக்கொள்கின்றன. கூடவே, விரல் தந்தியைத் தட்டும் அந்த முதல் அடியின் எடுப்பும் தட்டையாகிவிடுகிறது. அறைக்குள் தனியாக வாசிக்கும்போது பிரமாதமாகக் கேட்பது, டிரம்ஸும் இரண்டு கிட்டாரும் சேர்ந்ததும் காணாமல் போகிறது. மேல் மடங்குகள் கிட்டாரின் இடத்துக்குப் போட்டி போட, கீழே இருக்க வேண்டியது இருப்பதே தெரியாது.

பழுதில் பிறந்த பிள்ளை

வேடிக்கை என்னவென்றால், ஃபஸ் பிரபலமானதே பேஸ் கிட்டாரில்தான். 1961-ல் அமெரிக்கப் பாடகர் மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொர்ரி’ வெளிவந்தது. நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடத்தில் கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸ் கிட்டாரில் வாசித்துக்கொண்டிருந்தபோது, மிக்ஸிங் மேஜையின் ஒரு சேனலில் டிரான்ஸ்ஃபார்மர் பழுதானது. பாட்டின் நடுவே வண்டு குடைவதுபோல் ஒரு தனி ஆவர்த்தனம். அதை அழிக்காமல் அப்படியே விட்டார்கள். பாட்டு நாட்டுப்புற இசைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது.

அந்தப் பதிவின் ஒலிப்பொறியாளர் க்ளென் ஸ்நாடி. கெட்டுப்போன சேனல் கடைசியில் அடியோடு செத்துவிட, அதே ஒலியைக் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்க எதுவும் இல்லை. எனவே ரெவிஸ் ஹாப்ஸ் என்ற பொறியாளருடன் சேர்ந்து, அந்தப் பழுதை வேண்டும்போது வரவழைக்கும் டிரான்சிஸ்டர் சுற்று ஒன்றை உருவாக்கினார். கிப்ஸன் நிறுவனம் அதை வாங்கி 1962-ல் ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில் விற்றது. மூன்று ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர், இரண்டு 1.5 வோல்ட் பேட்டரி. அதே ஆண்டு, ஃபஸ் சுற்றை உள்ளேயே பொருத்திய ‘ஈபி-0எஃப்’ என்ற பேஸ் கிட்டாரையும் கிப்ஸன் வெளியிட்டது.

ஆனால் 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ பாட்டில் ஃபஸ்-டோனை மிதித்ததும் எல்லாம் மாறியது. ஃபஸ் என்றால் கிட்டார் என்றாகிவிட்டது. 1966-ல் லண்டனில் ஐவர் ஆர்பிட்டரின் வட்ட வடிவ ‘ஃபஸ் ஃபேஸ்’ வந்தது. அது ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் காலடிக்குப் போய்ச் சேர்ந்தது. 1969 வாக்கில் நியூயார்க்கில் மைக் மேத்யூஸின் எலெக்ட்ரோ-ஹார்மானிக்ஸ் நிறுவனம் நான்கு டிரான்சிஸ்டர் கொண்ட ‘பிக் மஃப்’ பெடலைக் கொண்டுவந்தது. எல்லாம் கிட்டாரை மனதில் வைத்துச் செய்தவை. பேஸில் பிறந்த பிள்ளை, தத்துப்போன வீட்டிலேயே வளர்ந்தது.

பீட்டில்ஸ் காட்டிய வழி

பேஸுக்கான விடையும் அதே 1965-லேயே கிடைத்துவிட்டது. பீட்டில்ஸ் குழுவின் ‘ரப்பர் சோல்’ தொகுப்பில் ஜார்ஜ் ஹாரிஸன் எழுதிய ‘திங்க் ஃபார் யுவர்செல்ஃப்’ பாட்டுக்கு பால் மெக்கார்ட்னி வாசித்தது ஒரு பேஸ் அல்ல, இரண்டு. வழக்கமான சுத்தமான பேஸ் ஒன்று தரையைப் பிடித்துக்கொள்ள, அதற்கு மேல் ஃபஸ் பேஸ் கிட்டாரின் இடத்தில் நின்று உறுமுகிறது.

கேரளத்துக்காரர்களுக்கு இது செண்டை மேளத்தில் பழகிய ஏற்பாடு. வலந்தலைக்காரர்கள் தாளத்தைக் கட்டி நிறுத்த, இடந்தலைக்காரர்கள் உருட்டித் தள்ளுவார்கள். வலந்தலை நின்றுவிட்டால் உருட்டலுக்கு மதிப்பில்லை.

ஒலிப்பதிவுக் கூடத்தில் இரண்டு முறை வாசிக்கலாம். மேடையில் முடியாது. எனவே பெடலின் உள்ளேயே ஒலியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதை ஃபஸ் சுற்றுக்குள் போகிறது. மற்றது சுத்தமாக அப்படியே போகிறது. முடிவில் இரண்டையும் சேர்க்க ஒரு குமிழ். எலெக்ட்ரோ-ஹார்மானிக்ஸ் பிற்பாடு பேஸுக்கென்று வெளியிட்ட பிக் மஃபிலும் சுத்தமான ஒலியைக் கலக்கும் ஸ்விட்ச் இருக்கிறது.

எதை எங்கே வெட்டுவது

சொல்வதற்கு எளிது. செய்யும்போது முதலில் மாட்டுவது கெப்பாசிட்டர். டிரான்சிஸ்டர்களுக்கு இடையே நேர் மின்னோட்டத்தைத் தடுக்க வைக்கும் சின்ன கெப்பாசிட்டர், தாழ்ந்த ஸ்வரங்களையும் சேர்த்துத் தடுக்கும். எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே தடுக்கும் என்பதை அதன் மதிப்பும் அதற்கு அடுத்து வரும் ரெசிஸ்டரும் தீர்மானிக்கின்றன. 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்குப் பின்னால் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருந்தால் எல்லை 159 ஹெர்ட்ஸ். பேஸின் நான்கு திறந்த தந்திகளுமே (41.2, 55, 73.4, 98 ஹெர்ட்ஸ்) அதற்குக் கீழே நிற்கின்றன! கெப்பாசிட்டரைப் பத்து மடங்கு பெரிதாக்கி 0.1 மைக்ரோஃபாரட் போட்டால் எல்லை 15.9 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். பேஸ் முழுவதும் தாராளமாக உள்ளே நுழையும்.

பெரிய கெப்பாசிட்டர் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு அடுத்த அதிர்ச்சி காத்திருக்கிறது. கனமான தாழ்ந்த அலை முழுபலத்தோடு ஃபஸ் சுற்றில் மோதும்போது, அதன் முதுகில் ஏறி வரும் சின்ன அலைகளெல்லாம் சேர்ந்தே வெட்டுப்படுகின்றன. ஒலி கொழகொழவென்று ஆகிவிடும். இரண்டு ஸ்வரங்களை ஒன்றாக வாசித்தால் இன்னும் மோசம். ‘ஈ’யும் ‘ஏ’யும் சேர்ந்தால் அவற்றின் கூட்டுத்தொகையான 96.2 ஹெர்ட்ஸ், வித்தியாசமான 13.8 ஹெர்ட்ஸ் என்று யாரும் வாசிக்காத அதிர்வுகள் முளைக்கும். பேஸில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரமே என்பது நல்லகாலம்.

எனவே பிரித்த பாதைகளில் வேலையையும் பிரித்துக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். சற்று முன் குறையாகத் தெரிந்த அதே 0.01 மைக்ரோஃபாரட்டை ஃபஸ் பாதையின் வாசலில் வேண்டுமென்றே வைக்கலாம். தாழ்ந்த பகுதி உள்ளே வராமல், ஃபஸ் தெளிவாகக் கடிக்கும். அதே இரண்டு பாகங்களையும் இடம் மாற்றிச் சுத்தமான பாதையில் வைத்தால், 159 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவை சேதமில்லாமல் போகும். ஒரே ரெசிஸ்டர், ஒரே கெப்பாசிட்டர். ஓரிடத்தில் மேலே திறக்கும் கதவு, இன்னோரிடத்தில் கீழே திறக்கும் கதவு. அந்த எல்லையை 100-ல் வைப்பதா, 300-ல் வைப்பதா என்பது காது சொல்ல வேண்டிய தீர்ப்பு.

மூன்றாவது பொறி கண்ணுக்குத் தெரியாதது. வழக்கமான ஒரு டிரான்சிஸ்டர் கட்டம் அலையைப் பெருக்குவதோடு தலைகீழாகவும் திருப்பிவிடும். மூன்று கட்டம் இருந்தால் ஃபஸ் பாதையின் அலை தலைகீழாக வெளியே வரும். அதைச் சுத்தமான அலையோடு கலந்தால், ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போகும். கூட்ட நினைத்தது கழித்தலாகிவிடும். தரையைக் காப்பாற்றப் போட்ட பாதையே தரையைத் தின்றுவிடும். கட்டங்களை எண்ணி இரட்டைப்படையாக வைப்பது, அல்லது சேர்க்கும் முன் ஒரு முறை திருப்பிப் போடுவதுதான் பரிகாரம். வடிகட்டிகளும் அலையைச் சற்று முன்பின்னாகத் தள்ளும். ஆகவே கடைசிச் சோதனையைக் காதால்தான் செய்ய வேண்டும்.

ரேடியோவுக்குள் புதையல்

எந்த டிரான்சிஸ்டர் என்ற கேள்வியில் இந்தியாவுக்கு ஒரு சொந்தக் கதை இருக்கிறது. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1962-ல் ஜெர்மேனியம் சாதனங்களைத் தயாரிக்கத் தொடங்கியது. அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் ரேடியோக்களின் ஒலிபெருக்கும் பகுதியில் இருந்த ‘ஏ.சி.128’ ரகம்தான் இங்கிலாந்தின் ஃபஸ் ஃபேஸ் பெடல்கள் பலவற்றிலும் இருந்தது. ஆல் இண்டியா ரேடியோவின் மாநிலச் செய்தியை ஒலிக்கச் செய்த அதே ரகம், லண்டனில் ராக் இசையை உறுமவைத்திருக்கிறது. ஜெர்மேனியம் உற்பத்தி நின்று பல காலமாகிவிட்டது. பழைய கையிருப்பாகக் கிடைக்கும் இந்திய ஏ.சி.128-க்கு இன்று பெடல் செய்பவர்களிடம் கிராக்கி இருக்கிறது. பரணில் கிடக்கும் செத்த ரேடியோவைக் காயலான் கடைக்குப் போடுமுன் யோசிக்கலாம்.

ஆனால் கழக்கூட்டத்தின் வெப்பம் ஜெர்மேனியத்துக்கு ஆகாது. மூடியிருக்க வேண்டிய குழாயில் சொட்டுவதுபோல் அதில் சிறு மின்னோட்டம் எப்போதும் கசியும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் கசிவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். 24 டிகிரி குளிரூட்டிய அறையில், இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் பேட்டரியின் பாதியான 4.5 வோல்ட் வரும்படி அழகாகச் சரிசெய்த பெடல், 34 டிகிரி வெயிலில் கோயில் திருவிழா மேடைக்குப் போனதும் தும்மத் தொடங்கும். தவிர, கசிவு பெருக்கத்தோடு சேர்ந்து மீட்டரை ஏமாற்றும். ஓட்டை டிரான்சிஸ்டர் கெட்டிக்காரனைப்போல் எண் காட்டும். கசிவைத் தனியாக அளந்து கழிக்காமல் பழைய டிரான்சிஸ்டரை வாங்குவது, தட்டிப் பார்க்காமல் தேங்காய் வாங்குவதுபோல.

சிலிக்கனுக்கு இந்தத் தொல்லை குறைவு. பின்னாளைய ஃபஸ் ஃபேஸ்களில் வந்த ‘பி.சி.108’, அதன் பிளாஸ்டிக் உடன்பிறப்பும் ஒரு காலத்தில் இந்தியப் பொழுதுபோக்குச் சுற்றுகளில் எங்கும் காணப்பட்டதுமான ‘பி.சி.148’, இப்போது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எளிதாகக் கிடைக்கும் ‘பி.சி.548’ எல்லாமே பொருந்தும். ஒலி சற்றுக் கூர்மையாக இருக்கும். பேஸுக்கு அது குறையல்ல. கீழே சுத்தமான பாதை இருக்கும்போது மேலே கொஞ்சம் கூர்மை நல்லதுதான்.

மின்வாரியம் வாசிக்கும் ‘ஜி’

அமெரிக்கப் பெடலின் வரைபடத்தை அப்படியே நகலெடுப்பவர்கள் மறப்பது மின்சாரத்தை. இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் ‘ஈ’ தந்தியில் மூன்றாவது கட்டையை அழுத்தினால் வரும் ‘ஜி’ 49 ஹெர்ட்ஸ். மட்டமான அடாப்டரின் இரைச்சல் 100 ஹெர்ட்ஸ். பேஸின் திறந்த ‘ஜி’ தந்தி 98 ஹெர்ட்ஸ். அதாவது நம் ஊர் இரைச்சல் பேஸின் வீட்டுக்குள்ளேயே, ஏறத்தாழ சுருதி சேர்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. நூறு மடங்கு பெருக்கும் சுற்றில் அது தெரியாமல் போகாது. வடிகட்டி நீக்கலாம் என்றால் ஸ்வரமும் கூடவே போய்விடும்.

எனவே நுழையவிடாமல் தடுப்பதே வழி. பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். உலோகப் பெட்டி, அதற்கு ஒழுங்கான எர்த் இணைப்பு. அடாப்டர் வரும் இடத்தில் 100 ஓம் ரெசிஸ்டரும் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போட்டால் 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறையும். இரண்டும் சேர்ந்து சில ரூபாய்ச் செலவு. அரபிக்கடல் காற்று வீசும் ஊர் என்பதால், உப்புக்கும் ஈரத்துக்கும் தாங்கும் ஜாக்குகளையும் குமிழ்களையும் தேர்ந்தெடுப்பதும் அவசியம்.

மறந்துபோன கைவேலை

இந்தச் சின்னப் பெட்டி கழக்கூட்டத்துக்கு நினைவூட்டும் விஷயம் ஒன்று இருக்கிறது. கேரளத்தின் எலெக்ட்ரானிக்ஸ் கனவு மென்பொருளில் தொடங்கவில்லை. 1973-ல் கே.பி.பி. நம்பியார் தலைமையில் தொடங்கிய கெல்ட்ரான், டி.வி. பெட்டியிலிருந்து ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் வரை கையில் தொட்டுப் பார்க்கும் பொருள்களைச் செய்தது. டெக்னோபார்க் யோசனைக்குப் பின்னால் இருந்தவரும் அதே நம்பியார்தான். கண்ணூரில் உள்ள கெல்ட்ரான் ஆலை இன்றும் கெப்பாசிட்டர்களைச் செய்கிறது. ஆனால் புதிய தலைமுறையின் மோகம் திரைக்குள் ஓடும் வரிகளோடு நின்றுவிட்டது. ஒரு கெப்பாசிட்டரை மாற்றினால் ஒரு ஸ்வரம் காணாமல் போவதைக் காதால் கேட்கும் அனுபவம் அரிதாகிவிட்டது.

இதற்குச் சந்தை இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மும்பையின் அனிமல் ஃபேக்டரி ஆம்ப்ளிஃபிகேஷன் போன்ற சிறு நிறுவனங்கள், இந்தியாவில் செய்த பெடல்களுக்கென்று ஒரு பெயரைச் சம்பாதித்திருக்கின்றன. இதில் முதலீடு பெரும்பாலும் பொறுமைதான். மின்பாகங்களைவிட அலுமினியப் பெட்டியும் மிதி ஸ்விட்சும்தான் அதிக விலை பிடிக்கும்.

செய்து முடித்த பெடலை வீட்டில் தனியாக வாசித்துப் பார்த்துப் பயனில்லை. டிரம்ஸ் வாசிக்கும் நண்பரோடு உட்கார்ந்து, பாட்டின் நடுவே சொல்லாமல் மிதிக்க வேண்டும். தாளம் பிசகாமல் அவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தால் பெடல் தேறிவிட்டது. காலடியில் தரை நழுவியதுபோல் அவர் நிமிர்ந்து பார்த்தால், பெட்டியைத் திறந்து சுத்தமான பாதையில் மறுபடி கைவைக்க வேண்டியதுதான்.